லெசோத்தோ தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளேதான் இருக்கிறதா?

வரைபடத்தில் லெசோத்தோவைத் தேட வேண்டுமென்றால் தென்னாப்பிரிக்காவின் நடுவில்தான் தேட வேண்டும். சுமார் 30,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தனி நாடு, ஆனால் நாலாபுறமும் ஒரே அண்டை நாடு. எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் ‘தென்னாப்பிரிக்காவுக்குள்ளே’ என்றுதான் சொல்வோம். இடத்தைப் பற்றித் தர்க்கம் செய்யத் தெரிந்த ஒரு நிரலிடம் இதையே கேட்டால் வேறு பதில் வரும்: உள்ளே இல்லை, வெளியே இருந்து தொட்டுக்கொண்டிருக்கிறது. பிரான்சும் ஸ்பெயினும் எந்த உறவில் இருக்கின்றனவோ, அதே உறவில்தான் இந்த இரண்டும் இருக்கின்றன.

நிரல் சொல்வதில் தவறில்லை. தென்னாப்பிரிக்காவின் நிலப்பரப்பில் லெசோத்தோவின் ஓர் அடி மண்கூடச் சேராது. தென்னாப்பிரிக்கா என்பது நடுவில் துளையுள்ள ஒரு வடிவம். லெசோத்தோ அந்தத் துளையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் நாம் சொன்னதும் பொய்யில்லை. ‘உள்ளே’ என்ற சொல் இப்படி வழுக்குவதற்குக் காரணம் அந்தச் சொல்லில் மட்டும் இல்லை. ‘தென்னாப்பிரிக்கா’ என்று எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டோம் என்பதிலேயே பாதிப் பதில் அடங்கியிருக்கிறது. எண்களை விட்டுவிட்டு உறவுகளைக் கொண்டு இடத்தை விவரிக்கும் துறையில், உறவுகளின் பட்டியலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ உண்மையான சிக்கல் எப்போதும் ‘பகுதி’ என்றால் என்ன என்பதில்தான் இருப்பதாகப் படுகிறது.

இங்கே ஒரு சொல் தகராறை முதலில் தீர்த்துவிடலாம். தமிழில் ‘பகுதி’ இரட்டை வேலை பார்க்கிறது. ஓர் இடப்பரப்பையும் பகுதி என்கிறோம், ஒரு முழுமையின் கூறையும் பகுதி என்கிறோம். இரண்டும் கலந்தால் இந்தக் கட்டுரை உருப்படாது. எனவே இடப்பரப்பு ‘பகுதி’, கூறு ‘பாகம்’ என்று வைத்துக்கொள்வோம்.

சரி, எண்கள் இருக்கும்போது இந்த வேலை எதற்கு? கணினிக்கு இடத்தைச் சொல்ல வழக்கமான வழி அட்சரேகை, தீர்க்கரேகை, முனைகளின் ஆயத்தொலைவுகள்தான். ஆனால் நமக்கு வந்து சேரும் தகவல் பல நேரம் அந்த வடிவில் இருப்பதில்லை. ‘ஆய்வகம் அந்தக் கட்டடத்துக்குள் இருக்கிறது’, ‘காடு ஏரியை ஒட்டி முடிகிறது’, ‘கட்டி சுரப்பியின் ஓரத்தைத் தாண்டவில்லை’ என்ற வாக்கியங்களில் ஒரு எண்கூட இல்லை. ஆனாலும் அவற்றிலிருந்து எவ்வளவோ முடிவுக்கு வர முடிகிறது. மனிதர்கள் தயங்காமல் செய்யும் இந்த வேலையைக் கணினியும் செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை.

அது நடக்காது என்று நினைத்தவர்கள் உண்டு. 1980களின் பிற்பகுதியில் கென்னத் ஃபோர்பஸ், பால் நீல்சன், போய் ஃபால்டிங்ஸ் மூவரும் ‘வறுமைக் கருதுகோள்’ என்று ஒன்றை முன்வைத்தார்கள். அளவுகளே இல்லாமல் எல்லாவற்றுக்கும் பயன்படக்கூடிய இடச் சித்திரிப்பு சாத்தியமில்லை என்பது அதன் சாரம். காலத்தை ஒரு கோட்டில் அடுக்கலாம். ஒன்று இன்னொன்றுக்கு முன், அது மூன்றாவதுக்கு முன் என்றால் முதலாவது மூன்றாவதுக்கு முன் என்பது உறுதி. ஜேம்ஸ் ஆலன் 1983இல் கால இடைவெளிகளுக்கு இடையில் 13 உறவுகளை வகுத்தது இந்த வசதியை நம்பித்தான். தளத்திலும் வெளியிலும் அப்படி ஒரே வரிசை கிடையாது, அதனால் முடிவுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடராது என்று அவர்கள் சந்தேகப்பட்டார்கள். இது சும்மா தள்ளிவிடக்கூடிய சந்தேகமில்லை. ஆனால் இடத்திலும் ஒன்று தொடர்ந்து கடந்துபோகிறது: அடக்கம். ஒன்று இரண்டாவதில் அடங்கி, இரண்டாவது மூன்றாவதில் அடங்கினால், முதலாவதும் மூன்றாவதில் அடங்கும். இந்த ஒரு பிடி போதும் என்று நினைத்தவர்களின் கதைதான் மீதி.

அவர்கள் செய்த முதல் காரியம் புள்ளியைக் கைவிட்டது. ‘பாகமற்றது எதுவோ அது புள்ளி’ என்றுதான் யூக்ளிட் தொடங்குகிறார். பாகமில்லாத பொருளை யாரும் பார்த்ததில்லை, தொட்டதில்லை. நாம் காண்பதெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருட்களும் பரப்புகளும்தான். அப்படியிருக்க, பரப்பைப் புள்ளிகளின் கூட்டமாகச் சொல்லாமல், பரப்பையே அடிப்படையாக வைத்து, புள்ளியை அதிலிருந்து வருவிக்கக்கூடாதா? தியோடர் டி லகூனா 1922இலும், ஆல்ஃப்ரெட் நார்த் ஒயிட்ஹெட் 1929இலும் இந்தத் திசையில் போனார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கிக்கொண்டே போகும் பகுதிகளின் முடிவில்லாத வரிசையைத்தான் ஒயிட்ஹெட் புள்ளி என்று சொல்லப் பார்த்தார். இது அப்போது தத்துவ விசாரணை மட்டுமே. பௌமன் கிளார்க் 1981இல் அதை ஒழுங்கான தர்க்க அமைப்பாக எழுதினார். 1992இல் டேவிட் ராண்டெல், ஜான் குய், ஆண்டனி கோன் மூவரும் கிளார்க்கின் அமைப்பைத் திருத்தி, கணினிக்குத் தோதான வடிவம் கொடுத்தார்கள். அதற்கு ‘ரீஜன் கனெக்ஷன் கால்குலஸ்’ என்று பெயர், சுருக்கமாக ஆர்சிசி.

இந்த அமைப்பின் சிக்கனம் வியப்பானது. இரண்டு பகுதிகள் ‘தொடர்புடையவை’ என்ற ஒரே உறவோடு ஆரம்பிக்கிறது. அதற்கு இரண்டே நிபந்தனைகள். எந்தப் பகுதியும் தன்னோடு தொடர்புடையது. க, ச-வோடு தொடர்புடையது என்றால் ச-வும் க-வோடு தொடர்புடையது. மற்ற உறவுகளெல்லாம் இதிலிருந்து பிறக்கின்றன. க-வோடு தொடர்புள்ள ஒவ்வொன்றும் ச-வோடும் தொடர்புள்ளதாக இருந்தால், க என்பது ச-வின் பாகம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பாகம் இருந்தால் அவை மேற்படிகின்றன. தொடர்பு இருக்கிறது, ஆனால் பொதுப் பாகம் எதுவும் இல்லை என்றால், அவை வெளியிலிருந்து தொட்டுக்கொள்கின்றன.

அப்புறம் வருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒன்று இன்னொன்றின் உள்ளே, ஓரத்தை ஒட்டி இருக்கிறதா, ஓரம் படாமல் இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? எல்லைக்கோடு என்ற பேச்சே இந்த அமைப்பில் இல்லை. அதனால் மூன்றாம் ஆளைக் கூப்பிடுகிறார்கள். வெளியே நிற்கும் ஏதாவது ஒரு பகுதியால் உள்ளே இருப்பதையும் அதை அடக்கியதையும் ஒரே நேரத்தில் வெளியிலிருந்து தொட முடிந்தால், உள்ளே இருப்பது ஓரத்தில் இருக்கிறது. யாராலும் முடியவில்லை என்றால் அது ஓரம் படாமல் ஆழத்தில் இருக்கிறது. லெசோத்தோவின் தலைநகரான மசேரு, காலிடன் ஆற்றங்கரையில் எல்லையிலேயே இருக்கிறது. தென்னாப்பிரிக்கா அந்த நகரத்தையும் லெசோத்தோவையும் சேர்த்தே தொடுகிறது. ஆகவே மசேரு ஓரம் பட்ட பாகம். ஜோகன்னஸ்பர்க்கை அப்படி வெளியே நின்று எந்த நாடும் தொட முடியாது. அது தென்னாப்பிரிக்காவின் ஓரம் படாத பாகம்.

இப்படி எட்டு உறவுகள் கிடைக்கின்றன. விலகி இருத்தல், வெளியிலிருந்து தொடுதல், பாதி மேற்படிதல், இரண்டும் ஒன்றே என்றிருத்தல், ஓரம் பட உள்ளிருத்தல், ஓரம் படாமல் உள்ளிருத்தல், கடைசி இரண்டையும் மறுபக்கத்திலிருந்து சொல்லும் இரண்டு அடக்குதல்கள். எந்த இரு பகுதிகளை எடுத்தாலும் இந்த எட்டில் ஒன்று, ஒன்றே ஒன்று, பொருந்தும். அதனால்தான் ஆர்சிசி-8 என்ற பெயர்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், புவியியல் தகவல் அமைப்புகளின் பக்கத்திலிருந்து மேக்ஸ் எகன்ஹோஃபரும் ராபர்ட் ஃபிரான்சோசாவும் நேரெதிர் வழியில் வந்தார்கள். புள்ளிகளை அவர்கள் கைவிடவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் உட்புறம், எல்லை என்று இரண்டு புள்ளிக்கூட்டங்கள். ஒன்றின் உட்புறமும் எல்லையும் மற்றதன் உட்புறத்தையும் எல்லையையும் வெட்டுகின்றனவா என்று நான்கு கேள்விகள் கேட்டால், ஆம், இல்லை என்ற பதில்களில் 16 சேர்க்கைகள் வரும். துளையில்லாத, ஒரே துண்டான பகுதிகளுக்கு அவற்றில் எட்டு மட்டுமே நிஜத்தில் நடக்கக்கூடியவை. பார்த்தால் அதே எட்டு! 1991இல் வெளியான கட்டுரை அது. பிறகு வெளிப்புறத்தையும் சேர்த்து ஒன்பது கேள்விகளாக்கினார்கள். சேர்க்கைகள் 512 ஆயின, ஆனால் எளிய பகுதிகளுக்கு எட்டு எட்டாகவே நின்றது. ஒன்பது கேள்விகளின் பயன் வேறு இடத்தில் தெரிந்தது: ஒரு கோட்டுக்கும் பகுதிக்கும் இடையே 19 உறவுகள், இரண்டு கோடுகளுக்கு இடையே 33. இன்றைக்குப் போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற தரவுத்தளங்களில் ‘தொடுகிறதா’, ‘உள்ளே இருக்கிறதா’ என்று கேட்கும்போது பின்னால் ஓடுவது இந்த ஒன்பது கட்ட அட்டவணையின் வாரிசுதான்.

தத்துவத்திலிருந்து ஒருவர், வரைபடத்திலிருந்து ஒருவர் என்று இரண்டு வழியில் வந்து ஒரே எட்டில் சந்தித்ததை இயற்கையின் சாட்சி போலச் சிலர் சொல்வதுண்டு. மார்க்குஸ் க்னாஃப் குழுவினர் 1997இல் வட்டப் படங்களை ஆட்களிடம் கொடுத்து ஒத்தவற்றைச் சேர்க்கச் சொன்ன சோதனையிலும் இந்த மாதிரிப் பிரிவினைதான் தலைதூக்கியது. ஆனால் வட்டம் மிகவும் நல்ல பிள்ளை. துளை கிடையாது, இரண்டு துண்டாகாது, ஓரம் மங்காது. எட்டுக்கு உரைகல் வேண்டுமென்றால் அடங்காத பிள்ளைகளைப் பார்க்க வேண்டும்.

முதல் அடங்காப்பிடாரி எல்லைக்கோடு. இரண்டு நாடுகள் தொடும் இடத்தில் உள்ள கோடு யாருடையது? ஒருவருக்கே சொந்தம் என்றால் மற்றவர் ஓரமில்லாமல் முடிகிறார். இருவருக்கும் சொந்தம் என்றால் பொதுச் சொத்து வந்துவிட்டது, மேற்படிதல் ஆகிவிடும் போலிருக்கிறது. யாருக்கும் இல்லை என்றால் நடுவில் ஒரு மயிரிழைப் பிளவு. ஆர்சிசி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை, கேள்வி எழாமல் செய்துவிடுகிறது. கோட்டுக்குப் பரப்பு இல்லை, எனவே அது பகுதியே இல்லை. பகுதி அல்லாத ஒன்றைப் பகிர்ந்துகொள்வது மேற்படிதல் ஆகாது. இழுத்து வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதமான டோபாலஜியின் மொழியில் சொன்னால், பகுதிகள் எல்லாம் ‘ஒழுங்கான மூடிய கணங்கள்’. முடி போல நீட்டிக்கொண்டிருக்கும் கோடுகளை மழித்துவிட்டு, உள்ளே இருக்கும் கீறல்களை நிரப்பிவிட்ட வடிவங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அழகான தீர்வு. விலையும் உண்டு: ஆற்றைக் கோடாக வரைந்திருந்தால் அந்த ஆற்றைப் பற்றி இந்த அமைப்பால் பேசவே முடியாது.

இன்னொரு விலை, தொடுதல் எவ்வளவு என்று கேட்க முடியாதது. அமெரிக்காவில் அரிசோனா, கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ நான்கும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அரிசோனா நியூ மெக்சிகோவோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எல்லையைப் பகிர்கிறது, கொலராடோவோடு அந்த ஒரு புள்ளியைத்தான். ஆர்சிசி-8க்கு இரண்டும் ஒரே உறவு.

பலன் எங்கே என்றால், கூட்டுவதில். க-வுக்கும் ச-வுக்கும் உள்ள உறவு தெரியும், ச-வுக்கும் ப-வுக்கும் உள்ளது தெரியும், க-வுக்கும் ப-வுக்கும் என்ன இருக்க முடியும்? எட்டுக்கு எட்டு என்று 64 கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை இதைச் சொல்கிறது. ஜோகன்னஸ்பர்க் தென்னாப்பிரிக்காவின் ஓரம் படாத பாகம், தென்னாப்பிரிக்கா லெசோத்தோவைத் தொடுகிறது. எனவே ஜோகன்னஸ்பர்க்கும் லெசோத்தோவும் கண்டிப்பாக விலகி இருக்கின்றன. வரைபடம் பார்க்க வேண்டியதில்லை. லெசோத்தோ ஜோகன்னஸ்பர்க்கைத் தொட்டிருந்தால், வெளியே நின்று நகரத்தையும் நாட்டையும் சேர்த்துத் தொட்ட அந்த மூன்றாம் ஆளாக லெசோத்தோவே ஆகியிருக்கும். நகரம் ஓரம் பட்டதாகியிருக்கும். மசேருவுக்கு இந்த உறுதி கிடையாது. ஓரம் பட்ட பாகம், அதன் முழுமை ஒன்றைத் தொடுகிறது என்று மட்டும் தெரிந்தால், அந்தப் பாகம் அதைத் தொடலாம், விலகியும் இருக்கலாம். சில கட்டங்கள் வெறும் கைவிரிப்பு: க ச-விலிருந்து விலகியிருக்கிறது, ச ப-விலிருந்து விலகியிருக்கிறது என்றால் எட்டில் எதுவும் நடக்கலாம்.

தகவல் அரைகுறையாக இருக்கும்போது கணக்கு கடினமாகிறது. ‘தொடுகிறது அல்லது மேற்படிகிறது’ போன்ற தயக்கங்களையும் அனுமதித்தால் எட்டிலிருந்து 256 உறவுகள் உருவாகும். அவை எல்லாவற்றையும் கலந்து கொடுத்து, முரணில்லாத ஓர் அமைப்பு சாத்தியமா என்று கேட்பது என்பி-முழுமை வகைச் சிக்கல். மோசமான நிலையில் வேகமான வழி எதுவும் தெரியாத கூட்டம் அது. யோகன் ரென்ஸும் பெர்ன்ஹார்ட் நேபலும் 1999இல், 256இல் 148ஐ மட்டும் பயன்படுத்தினால் மூன்று மூன்று பகுதிகளாக எடுத்து அட்டவணையோடு ஒத்துப்பார்த்தே விரைவில் முடிவு சொல்லிவிடலாம் என்று நிறுவினார்கள். நடைமுறைக்கு அது தாராளம். ஆனால் ‘எல்லாப் பகுதிகளுக்கும்’, ‘ஏதோ ஒரு பகுதிக்கு’ என்று முழுத் தர்க்க மொழியில் பேச ஆரம்பித்தால், எந்த நிரலாலும் எப்போதும் தீர்ப்புச் சொல்ல முடியாத எல்லைக்குப் போய்விடுகிறோம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிரல் ‘முரணில்லை’ என்று சொன்னால், அதைக் காகிதத்தில் வரைந்துவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒன்றையொன்று தொடாத ஐந்து தீவுகள், எந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவில் ஒரு பாலம், மொத்தம் பத்துப் பாலங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாலமும் தன் இரண்டு தீவுகளோடு மட்டும் பாதி மேற்படிகிறது. மற்றத் தீவுகளிலிருந்தும் மற்றப் பாலங்களிலிருந்தும் விலகி நிற்கிறது. ஆர்சிசி-8 இதில் ஒரு குறையும் காணாது. காகிதத்தில் வரைந்து பாருங்கள், ஏதாவது இரண்டு பாலங்கள் குறுக்கிட்டே தீரும். ஐந்து புள்ளிகளை எல்லா வழியிலும் கோடு குறுக்கிடாமல் இணைக்க முடியாது என்ற, கோட்டுருவியலின் (graph theory) பழைய முடிவுதான் இது. அப்படியானால் நிரல் பொய் சொன்னதா? இல்லை. அதன் அகராதியில் ஒரு பகுதி பல துண்டுகளாகச் சிதறியிருக்கலாம். ஒவ்வொரு பாலமும் இந்தக் கரையில் ஒரு துண்டு, அந்தக் கரையில் ஒரு துண்டு, நடுவில் ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பாலத்தில் யாரும் நடக்க முடியாது என்பது நம் கவலை, அதன் கவலையில்லை. முரணில்லாத எந்த அமைப்பையும் ஒரே துண்டான பகுதிகளால் முப்பரிமாணத்தில் கட்டிவிடலாம் என்று ரென்ஸ் காட்டியிருக்கிறார். பாலத்தின் மேல் பாலம் போட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது லெசோத்தோவின் ‘உள்ளே’க்குத் திரும்பலாம். அந்த உள்ளேயைச் சொல்ல ஆர்சிசிக்காரர்கள் இன்னொரு கருவியைச் சேர்த்தார்கள்: குவிமேலுறை. ஒரு வடிவத்தைச் சுற்றி ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் அது பிடிக்கும் பரப்பு. தென்னாப்பிரிக்காவைச் சுற்றி அப்படி இழுத்தால் லெசோத்தோ உள்ளே விழுந்துவிடும், நாம் சொன்னதும் மெய்யாகும். கூடவே எஸ்வாட்டினியும் போட்ஸ்வானாவின் தென்பகுதியும் சேர்ந்து விழும். மொசாம்பிக்கோடு எல்லை உள்ள எஸ்வாட்டினியைத் ‘தென்னாப்பிரிக்காவுக்குள்ளே’ என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ராண்டெலும் கூட்டாளிகளும் இரண்டு உள்ளேகளைப் பிரித்தார்கள். துளைக்குள் முழுதாக அடைபட்டிருப்பது ஒன்று. வெளியேற வழி திறந்திருந்தும் வடிவத்தின் குழிவுக்குள் இருப்பது இன்னொன்று. முட்டைக்குள் குஞ்சு இருப்பதும் கோப்பைக்குள் ஈ இருப்பதும் போல. ஆனால் குவிமேலுறை வந்தவுடன் சுத்தமான டோபாலஜி போய்விட்டது. இழுத்து வளைத்தால் துளை துளையாகவே இருக்கும், குழிவு குழிவாக இருக்காது.

ஓரமே இல்லாத பகுதிகளும் உண்டு. ஒரு மலை எங்கே தொடங்குகிறது என்று யாரால் கோடு போட முடியும்? கோனும் நிக்கோலஸ் காட்ஸும் 1996இல் இதற்கு முட்டையை உதாரணமாக்கினார்கள். நிச்சயமாக மலைதான் என்று சொல்லக்கூடியது மஞ்சள் கரு. மலையாக இருக்கலாம் என்பது வெள்ளைக் கரு. இரண்டு முட்டைகளுக்கு இடையில் எட்டு உறவுகள் போதாமல் 46 தேவைப்பட்டன. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல்: மங்கலான ஒரு கோட்டுக்குப் பதில் திட்டவட்டமான இரண்டு கோடுகளைப் போட்டிருக்கிறோம். வெள்ளைக் கரு எங்கே முடிகிறது என்று கேட்டால் பழைய இடத்திலேயே நிற்கிறோம்.

கடைசியாகக் கணினித் திரை. ஆர்சிசியின் இன்னொரு விதிப்படி எந்தப் பகுதிக்கும் அதன் ஓரம் படாத பாகம் ஒன்று உண்டு. அந்தப் பாகத்துக்குள்ளும் ஒன்று, அதற்குள்ளும் ஒன்று என்று முடிவே கிடையாது. பிக்சலுக்குள் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆகவே கோட்பாட்டின் உலகமும் படத்தரவின் உலகமும் அடிப்படையிலேயே ஒத்துப்போவதில்லை; கட்டம் கட்டமான இடத்துக்கென்று தனி அமைப்புகளை உருவாக்க வேண்டியிருந்தது. முனைகளின் எண்களாகச் சேமித்த வரைபடங்களில் வேறு தொல்லை. இரண்டு தனித்தனி மூலங்களிலிருந்து வந்த அண்டைப் பகுதிகளை எடுத்து ‘தொடுகிறதா’ என்று கேட்டுப் பாருங்கள். பத்தாவது தசம இடத்தில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் போதும், ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி, இன்னோரிடத்தில் மயிரிழை மேற்படிதல். எட்டு உறவுகளில் தொடுதல்தான் ஒரு மூச்சு பட்டாலும் உடைந்துவிடும் உறவு. ஒன்று நகர்ந்துவந்து இன்னொன்றோடு மேற்படியும்போதும் தொடுதல் ஒரு கணம்தான் நிற்கிறது. ஆனால் அந்தக் கணத்தைத் தாண்டாமல் விலகலிலிருந்து மேற்படிதலுக்குப் போக முடியாது.

இந்த எண் பிழையையாவது சகிப்பளவு வைத்துச் சமாளிக்கலாம். தென்னாப்பிரிக்காவை வரைந்தவர் வெளி எல்லையை மட்டும் கொடுத்து, உள்வளையத்தைக் கொடுக்க மறந்திருந்தால் எந்தச் சகிப்பளவும் உதவாது. துளை இல்லை, எனவே லெசோத்தோ தென்னாப்பிரிக்காவின் ஓரம் படாத பாகம், மசேருவும் அப்படியே. அட்டவணை சரியாக வேலை செய்யும், நிரல் ஒரு முரணும் காணாது, ஒரு நாடு இன்னொன்றில் கரைந்துபோயிருக்கும்.